வீடியோவில் சாட்சி விசாரணை: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் ராத்திரி அடிதடி, ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஒடிசாக்காரர். பயந்துபோய் மறுநாளே ஊருக்கு ரயிலேறிவிட்டார். சாட்சியை எழுத்து மூலம் வரச்சொல்லும் அதிகாரம் விசாரிக்கும் போலீஸ் அதிகாரிக்கு, குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 179ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது தன் நிலைய எல்லையிலும் பக்கத்து நிலைய எல்லையிலும் இருப்பவர்களோடு நின்றுவிடும். ஒடிசாவுக்கு ஆள் அனுப்பினால் மேலதிகாரி அனுமதி, டிக்கெட், அங்கே மொழி தெரிந்த ஒருவர் என்று நாள்கள் ஓடிவிடும். அதற்குள் ஊரில் நாலு பேர் கேட்டு, நாலு விதமாகப் பேசி, அவர் பார்த்ததோடு மற்றவர்கள் சொன்னதும் கலந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வீடியோ அழைப்பு உண்மையாகவே கைகொடுக்கிறது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. சாட்சியை வாய்மொழியாக விசாரிக்கலாம், சொன்னதை எழுதிக்கொள்ளலாம், ஒலி-ஒளிப் பதிவாகவும் எடுக்கலாம் என்கிறது 180ஆம் பிரிவு. ஸ்டேஷனில் இன்றும் ‘ஒன் சிக்ஸ்டி ஒன்’ என்றுதான் பேச்சு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த 161ஆம் பிரிவிலேயே பதிவு வசதி 2009இல் சேர்ந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 530ஆம் பிரிவு, சாட்சிகளை விசாரிப்பது உட்பட நடவடிக்கைகளை மின்னணு முறையில் நடத்த இடம் தருகிறது. வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் சாட்சியம் பதிவதை உச்ச நீதிமன்றம் 2003இல் பிரஃபுல் தேசாய் வழக்கிலேயே ஏற்றுக்கொண்டது. ஆக, செய்யலாமா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று. எந்தச் சாட்சியை, எந்தக் கேள்விக்கு, என்ன ஏற்பாட்டோடு என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது.

வீடியோ வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம்: “நேரில் உட்கார வைத்தால் மூஞ்சியைப் பார்த்தே பொய்யா உண்மையா என்று சொல்லிவிடுவேன்.” அனுபவமுள்ளவர்களே இதை நம்புகிறார்கள். ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. உளவியலாளர்கள் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, எந்தக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் ஒருவர் பேசுவதைக் கேட்டு மெய், பொய் பிரித்தவர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப்போட்டாலே 50 வந்துவிடும். அதனால் திரையில் கை, கால் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சாட்சி சொல்வதை மருத்துவமனைப் பதிவு, சிசிடிவி நேரம், செல்போன் டவர் விவரம் ஆகியவற்றோடு ஒத்துப்பார்ப்பதுதான் பொய்யைப் பிடிக்கும் வழி. அது நேரிலும் வீடியோவிலும் ஒன்றுதான்.

வீடியோவில் உண்மையாகவே கைநழுவுவது ஒன்று உண்டு. சாட்சி இருக்கும் அறை நம் பொறுப்பில் இல்லை.

கேமராவுக்குப் பின்னால் யார்?

ஊருக்குப் போய்விட்ட தொழிலாளியைத் தொடர்புகொள்ள, பெரும்பாலும் அவரை வேலைக்குக் கூட்டிவந்த ஏஜென்ட் நம்பர்தான் கையில் இருக்கும். ஏஜென்ட் “இருங்க சார், தரேன்” என்று தன் போனையே அவர் கையில் கொடுப்பார். திரையில் தொழிலாளியின் முகம் மட்டும் தெரியும். போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை யாருடையது என்று கேட்கத் தோன்றாது. சம்பள பாக்கியும் அடுத்த வேலையும் அந்தக் கையில் இருக்கும்போது, சாட்சி என்ன சொல்வார்? கணவன் மேல் புகார் கொடுத்த பெண்ணாக இருந்தால் மாமியார், சொத்துத் தகராறாக இருந்தால் அண்ணன். ஆள் மாறுவார், நிலைமை அதேதான்.

அதனால் கேள்வியைத் தொடங்குமுன் அறையைச் சரிசெய்ய வேண்டும். சாட்சியின் சொந்த போன், அல்லது அவருக்கு வேண்டிய ஒருவரின் போன். போனைக் கையில் பிடிக்கக் கூடாது. செம்பிலோ அரிசி டப்பாவிலோ சாய்த்துக் குறுக்குவாட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். சாட்சியின் தலையிலிருந்து மேசை மேல் இருக்கும் கைகள் வரை திரைக்குள் வர வேண்டும். முடிந்தால் முதுகுக்குப் பின்னால் கதவும் தெரிய வேண்டும். உட்காருமுன் போனை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அறையைக் காட்டச் சொல்ல வேண்டும். அது பதிவில் இருக்க வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் நம் கேள்வி அறையில் இருக்கும் வேறு யாருக்கும் கேட்காது. இந்த ஒரு சின்ன ஏற்பாட்டில் பாதிப் பிரச்சினை தீரும். பாதியில் இன்னொரு முறை சுற்றிக் காட்டச் சொல்வதும் நல்லது. முதல் சுற்றுக்குப் பிறகு ஆள் உள்ளே வர எவ்வளவு நேரமாகும்!

பதில் சொல்லுமுன் சாட்சியின் கண் ஒவ்வொரு முறையும் ஒரே மூலைக்குப் போய்வந்தால், “அங்கே யாரம்மா?” என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே ஆள் இருந்தால், அழைப்பு முடிந்ததும் அந்தக் கேள்விக்கான விலையைக் கொடுப்பது சாட்சிதான். நெட்வொர்க் சரியில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்று நிறுத்திவிட்டு, வேறு இடத்தில் வைத்து மறுபடி கேட்பதுதான் முறை. குடும்ப வன்முறை வழக்குகளில் பதிவு தொடங்குமுன்பே ஒரு வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம். “அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று அவர் சொன்னால் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே பேச்சை வேறு பக்கம் திருப்பி முடித்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமான ஏற்பாடு, பாதி நேர் பாதி வீடியோ. சாட்சி இருக்கும் ஊரின் காவல் நிலையத்திலோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ ஓர் அறை கேட்டு வாங்கி, அங்கே உள்ளூர்க் காவலர் ஒருவர் ஆளை அடையாளம் சரிபார்த்து, அறையில் வேறு யாரும் இல்லை என்று கேமரா முன் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவது. விசாரணை மட்டும் இங்கிருந்து வீடியோவில். வழக்கைத் தெரிந்தவரே கேள்வி கேட்கிறார். அறையும் ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. உள்ளூர் நிலையத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் கடிதமும் போனில் ஒரு வார்த்தையும் போய்விட்டால் பெரும்பாலும் நடந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. 179ஆம் பிரிவின்படி 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பி வந்தால் மட்டும் சரி. அந்த ‘வேறெங்கும்’ என்பதில் பக்கத்து ஊர் வீடியோ அறையும் அடங்கும்.

உண்மையான போலீஸ் என்று சாட்சிக்கு எப்படித் தெரியும்?

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி வந்த பிறகு இந்தக் கேள்வி தீராத தலைவலியாகிவிட்டது. காக்கிச் சட்டை, பின்னால் சின்னம், மேசையில் கொடி எல்லாம் வைத்து, “வீடியோவை ஆஃப் செய்யாதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே” என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் ஏமாந்தவர்களின் கதையைக் கேட்டிருக்கும் எவரும், தெரியாத நம்பரிலிருந்து “நான் இன்ஸ்பெக்டர் பேசறேன், வீடியோல வாங்க” என்றால் வைத்துவிடுவார்கள். வைக்கத்தான் வேண்டும்.

அதனால் முதல் தொடர்பு வீடியோவாக இருக்கவே கூடாது. சாதாரண அழைப்பில் பெயர், பதவி, நிலையம், குற்ற எண் இவற்றைச் சொல்லிவிட்டு, “நான் சொன்ன நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். மாவட்டக் காவல்துறை இணையதளத்தில் எங்கள் நிலைய எண் இருக்கும். அதைத் தேடி எடுத்துக் கூப்பிட்டு, நான் உண்மையா என்று கேளுங்கள்” என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், வக்கீலிடம் கேட்க விரும்பினால் கேட்கச் சொல்லுங்கள். மோசடிக்காரன் எதைச் செய்யவிட மாட்டானோ அதை நாம் செய்யச் சொன்னால் நம்பிக்கை தானாக வரும். பணம், வங்கி விவரம், ஓடிபி பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அது போலீஸ் இல்லை என்று நாமே சொல்லிக்கொடுத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லலாம்.

நோட்டீஸ் விஷயத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லும் 35(3), சாட்சியை வரச்சொல்லும் 179 ஆகிய பிரிவுகளின் கீழான நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையாகக் கொடுத்ததாக ஆகாது, சட்டம் சொல்லும் வழியில்தான் கொடுக்க வேண்டும் என்று சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் நேரம் பேசிக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்து “நோட்டீஸ் கொடுத்தும் வரவில்லை” என்று பிறகு எழுத முடியாது.

கருவி, வெளிச்சம், டேட்டா

ஜன்னல் சாட்சியின் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். நம் பக்கம் லேப்டாப்பை நாலு புத்தகம் அடுக்கிக் கண் உயரத்துக்கு ஏற்றி, சாட்சியின் முகம் தெரியும் கட்டத்தைக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தால், அவரைப் பார்க்கும்போது கேமராவைப் பார்ப்பது போலிருக்கும். இல்லையென்றால், பேசுகிறவர் தன்னைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறார் என்ற எண்ணம் அவருக்கு வரும், பேச்சு சுருங்கும்.

ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறத்தாழ 1 ஜிபி டேட்டா போகலாம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர் மதியத்துக்குள் அதில் பாதியைத் தீர்த்திருப்பார். அதனால் காலை நேரம் வைத்துக்கொள்வது நல்லது. போன் சார்ஜில் இருக்கட்டும். நடுவில் சாதாரண அழைப்பு வந்தால் வீடியோ நின்றுவிடும். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட வைக்க வேண்டும்.

தாமதம்தான் பலரும் கவனிக்காத விஷயம். ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் அளவுகோல். கிராமத்து 4ஜியில் அது பல மடங்கு ஏறும். சாட்சி மூச்சு வாங்க நிறுத்துகிறார். முடித்துவிட்டார் என்று நினைத்து நாம் அடுத்த கேள்வியைப் போடுகிறோம். அதே நேரத்தில் அவர் தொடர்கிறார். எதிரொலியைத் தடுக்கும் மென்பொருள் இரண்டு குரலில் ஒன்றை வெட்டிவிடும். வெட்டுப்படுவது பெரும்பாலும் தணிந்து பேசுகிறவருடையது. பதிவில் அந்த வாக்கியமே இருக்காது. ஒரு பதில் முடிந்ததாகத் தோன்றியதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் சாட்சி இன்னும் ஒரு விஷயத்தைச் சேர்ப்பார். நேரில் உட்கார்ந்து விசாரிக்கும்போதும் இது பொருந்தும் என்றாலும், நேரில் யாரும் எண்ணுவதில்லை.

வளைகுடா நாடுகளில் இருப்பவர் என்றால் நாலு விஷயம் பார்க்க வேண்டும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அமீரகத்தில் சாதாரண இணைப்பில் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் போகாது. ஜூம், டீம்ஸ் மாதிரி அனுமதி உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும். லேபர் கேம்ப் அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள், தனியிடம் கிடைப்பது வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோதான். கடைசியாக, அவரிடம் பேசித் தகவல் தெரிந்துகொள்வது வேறு, வெளிநாட்டில் வைத்து முறைப்படி சாட்சியம் திரட்டுவது வேறு. இரண்டாவதற்கு பிஎன்எஸ்எஸ் 112ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழியாக வேண்டுகோள் கடிதம் போக வேண்டும். வீடியோவில் பேசிவிட்டோம் என்று அதை விட்டுவிட்டால் வழக்கு நடுவில் தொங்கும்.

கேள்வி கேட்கும் முறை

முதல் ஐந்து நிமிடம் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். நேரில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது செய்யும் வேலையை வீடியோவில் இந்த ஐந்து நிமிடம்தான் செய்ய வேண்டும். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, குழந்தை பள்ளிக்குப் போயாச்சா. பிறகு விதிகளைச் சொல்லுங்கள்: “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. நான் தப்பாச் சொன்னா திருத்துங்க. கேள்வி புரியலைன்னா திரும்பக் கேளுங்க.” போலீஸ்காரரைத் திருத்தலாம் என்று யாரும் சாட்சிக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால்தான் திருத்துவார்.

அடுத்து ஒரே ஒரு பெரிய திறந்த கேள்வி: “அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து நடந்ததை, சின்னது பெருசுன்னு பார்க்காம, உங்களுக்கு ஞாபகம் வர்ற எல்லாத்தையும் சொல்லுங்க.” பிறகு குறுக்கிடாதீர்கள். ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் வகுத்த நினைவு நேர்காணல் முறையின் அடிப்படையே இதுதான். சம்பவ இடத்தை மனதில் திரும்பக் கொண்டுவருவது, எதையும் விடாமல் சொல்வது, பின்னாலிருந்து முன்னால் சொல்லிப் பார்ப்பது. இந்த முறை வீடியோவிலும் நன்றாகவே எடுபடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நினைத்தால் விவரம் கூடுதலாக வரும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரில் போலீஸ்காரர் முன் கண்ணை மூடச் சொன்னால் பலருக்குக் கூச்சம். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எளிதாக மூடிக்கொள்கிறார்கள். தன் முகம் தனக்கே தெரியும் கட்டத்தை மறைத்துவிடச் சொல்வதும் உதவும். தன்னையே பார்த்துக்கொண்டு பேசுகிறவரின் கவனம் சம்பவத்தில் நிற்காது.

திரையில் ஒரு தனிச் சிக்கல்: இடது, வலது. முன்கேமராவில் தன் உருவம் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும், நமக்கு நேராகத் தெரியும். “இந்தக் கையால குத்தினான்” என்று சாட்சி காட்டும்போது, அவர் தன் கையைச் சொல்கிறாரா, எதிரே நின்றவனின் கையைச் சொல்கிறாரா, திரையில் தெரியும் பக்கத்தைச் சொல்கிறாரா என்று மூன்று குழப்பம். “சோத்துக்கையா பீச்சாங்கையா?” என்று கேட்டால் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். அவர் சைகையில் காட்டும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பதிவில் ஏற்ற வேண்டும்: “உங்க இடது தோள்பட்டைக்குக் கீழே, மார்புக்கு மேலே தொட்டுக் காட்டறீங்க, சரியா?” மருத்துவச் சான்றிதழில் காயம் வலது பக்கம் இருக்க, வாக்குமூலத்தில் இடது என்று போய்விட்டால், குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் அதிலேயே போகும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நேரம் இரட்டிப்பாகும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மாற்றச் சொல்லுங்கள். சாட்சியின் சொந்த மொழிப் பேச்சு பதிவில் முழுசாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு தவறென்று பிறகு தெரிந்தால் திரும்பிப் போய்க் கேட்க அதுதான் ஆதாரம். ஏஜென்ட்டையோ சூப்பர்வைசரையோ மொழிபெயர்க்க வைப்பது பெரிய தவறு. 45 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவெளி போதும்.

திரையில் காட்டக் கூடாதது

சந்தேக நபரின் போட்டோ. ஸ்கிரீன் ஷேர் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிடச் சுலபம். “இவன்தானா பாருங்க?” என்று ஒரே ஒரு படத்தைக் காட்டிவிட்டால், அதன்பின் மாஜிஸ்திரேட் முன் நடக்கும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லை. அணிவகுப்பில் சாட்சி அடையாளம் காட்டுவது ராத்திரி பார்த்த முகத்தையா, திரையில் பார்த்த முகத்தையா என்று யாராலும் பிரிக்க முடியாது. இது எதிரியை, அதாவது குற்றம்சாட்டப்பட்டவரை, காப்பாற்றும் நுணுக்கம் இல்லை. தவறான ஆள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஆதார் எண்ணும் அப்படியே. கேமரா முன் அட்டையைப் பிடிக்கச் சொன்னால் பன்னிரண்டு எண்ணும் பதிவில் விழும். வழக்கு ஆவணங்களின் நகல் எதிரிக்குப் போகும், அதில் இந்தப் பதிவும் இருக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதார் போதும்.

வாரிசுச் சண்டைப் பத்திரம், மீட்கப்பட்ட நகை, ரத்தக்கறைச் சட்டை ஆகியவற்றைத் திரையில் காட்டி அடையாளம் கேட்பது வீண் வேலை. தாலிக்கொடியின் எடையும் தேய்மானமும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். சம்பவ இடத்தை நடந்து காட்ட வேண்டியிருந்தால் நேரில்தான். ஒரு தெருவிளக்கு எரிந்ததா, அந்த இடத்திலிருந்து வேப்பமரம் மறைக்கிறதா என்பது அங்கே சாட்சியோடு நின்றால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதிவும் எழுத்தும்

ஸ்டேஷன் வாக்குமூலம் எப்படித் தொடங்கும் என்று நீதிமன்றம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். “நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்.” ஆறாம் வகுப்புப் படித்தவரும் பேராசிரியரும் ஒரே நடையில் பேசியிருப்பார்கள். நாலு சாட்சிகளின் வாக்குமூலம் எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருக்கும். அவை வாக்குமூலத்தை எழுதும் ஸ்டேஷன் ரைட்டரின் வாக்கியங்கள். அதில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது 181ஆம் பிரிவு. ஆனால் நீதிமன்றத்தில் அவர் மாற்றிச் சொன்னால், அந்த எழுத்தை வைத்துத்தான் அவரை முரண்படுத்துவார்கள். தான் சொல்லாத வார்த்தைக்குச் சாட்சி பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீடியோப் பதிவு இதைத் தீர்க்கும், கூடவே புதிதாக ஒன்றைக் கொண்டுவரும். பதிவும் இருக்கிறது, வழக்கம் போல எழுத்தும் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் வேண்டாம். “கம்பு மாதிரி ஏதோ” என்று சாட்சி சொன்னதை “உருட்டுக்கட்டை” என்று எழுதுவது பழக்கத்தில் வரும் பிழை. பதிவைப் போட்டுக் கேட்டு, அவர் வார்த்தையை அப்படியே எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. நேரம் ஆகும். ஒரு மணி நேரப் பதிவை எழுத மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ரெக்கார்டிங் அமைப்பை முன்கூட்டியே பாருங்கள். ‘ஸ்பீக்கர் வியூ’வில் வைத்தால் பேசுகிறவர் முகம் மட்டும் பதிவாகும், நாம் கேள்வி கேட்கும்போது சாட்சியின் முகம் காணாமல் போகும். ‘கேலரி வியூ’வில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் காட்டியது: விசாரிக்கப்படுகிறவரை மட்டும் காட்டும் பதிவைப் பார்ப்பவர்கள், அவர் தானாக முன்வந்து பேசுகிறார் என்று எளிதில் நம்பிவிடுகிறார்கள், இருவரையும் சமமாகக் காட்டினால் அந்தச் சாய்வு குறைகிறது. நேரில் நடக்கும் விசாரணைக்குக் கேமரா வைக்கும்போதும் இதே விதிதான்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, நேரம், இரண்டு பக்கமும் எந்த ஊர், யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்தால் மீண்டும் வந்ததும், “11.42க்கு அறுந்தது, இப்போது 11.47, நடுவில் யாரிடமாவது பேசினீர்களா?” என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். இரண்டு கோப்பையும் ஒட்டக் கூடாது. இரண்டாகவே இருக்கட்டும். முடிந்த கையோடு ஒவ்வொரு கோப்புக்கும், அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு எடுத்துக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். மின்னணுப் பதிவுக்காகப் புதிய சாட்சிய சட்டத்தின் 63(4) கேட்கும் சான்றிதழ்ப் படிவத்திலேயே எஸ்எச்ஏ256 போன்ற ஹாஷ் முறைகளுக்குக் கட்டம் இருக்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்புக்குப் பிறகு சான்றிதழ் இல்லாத நகல் நீதிமன்றத்தில் நிற்காது. அதிகாரிக்குக் காட்ட வேண்டுமென்று அதே கோப்பை வாட்ஸ்அப்பில் தள்ளினால் அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும், ஹாஷ் மாறிவிடும். நகல் எடுத்த பென் டிரைவ்தான் சரி.

தானாக அழியும் வசதி எங்காவது இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, நிலையத்தின் சிசிடிவியில் 1 டிபி இடம் இருந்தும் அன்றன்றே அழியும்படி வைத்திருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலைய சிசிடிவி பற்றிய உச்ச நீதிமன்றத்தின் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு 18 மாதம் வரை பதிவு நிற்க வேண்டும் என்றது. பதிவு என்பது சாட்சியையும் காக்கும், நேர்மையான அதிகாரியையும் காக்கும். இல்லாத பதிவு இரண்டு பேரையும் கைவிடும்.

நேரில்தான், வேறு பேச்சில்லை

சந்தேக நபரை வீடியோவில் விசாரிக்காதீர்கள். அரசியல் சட்டத்தின் 20(3) தரும் மௌன உரிமை, பிஎன்எஸ்எஸ் 38ஆம் பிரிவின்படி வக்கீலைச் சந்திக்கும் உரிமை எல்லாம் திரையில் வெறும் வார்த்தையாகிவிடும். அவர் உடம்பில் காயம் உண்டா, பக்கத்தில் யாராவது மிரட்டுகிறார்களா, மருந்து மயக்கமா என்று பார்க்க வழியில்லை. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. அதிலிருந்து கண்டுபிடித்த பொருள் மட்டும் செல்லும், அதுவும் அவர் காவலில் இருந்தபோது சொல்லியிருந்தால்தான். வீடியோவில் இருப்பவர் யார் காவலில் இருக்கிறார்? கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் ஒரு நெறிமுறை வந்தது. அதில்கூடத் திரையில் வர அனுமதிக்கப்பட்டவர் வழக்கறிஞர்தான். சந்தேக நபர் நிலையத்தில்தான் இருந்தார். அந்த ஏற்பாட்டுக்கே, கட்சிக்காரரின் நிலையை வக்கீலால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று கடும் விமர்சனம் எழுந்தது.

குழந்தைகளையும் நேரில்தான். போக்சோ சட்டம் 24ஆம் பிரிவு குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் எஸ்ஐ நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 26ஆம் பிரிவு, முடிந்த இடங்களில் ஒலி-ஒளிப் பதிவும் வேண்டும் என்கிறது. அதைத் தொலைவிலிருந்து பேசலாம் என்று வாசிக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கி, படம் வரைய விட்டுப் பேசுவது திரையில் நடக்காது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் எங்கே, எப்படிப் பேச விரும்புகிறார் என்பது அவர் முடிவு. பிஎன்எஸ்எஸ் 176ஆம் பிரிவு அவர் வீட்டையோ அவர் சொல்லும் இடத்தையோதான் சொல்கிறது. “உங்களுக்கு வீடியோ சௌகரியமா, நேரில் வரட்டுமா?” என்று கேளுங்கள், வீடியோவை நம் சௌகரியத்துக்காகத் திணிக்காதீர்கள்.

நேரில் அழைப்பது என்றால் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பது என்று அர்த்தமில்லை. நாலு சாட்சிகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால், விசாரணைக்குள் நுழையுமுன்பே நாலு நினைவும் ஒன்றாகிவிடும். ஒவ்வொருவருக்கும் தனி நேரம் கொடுங்கள்.

வீடியோ முடியும் இடத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நேரில் விசாரித்தால், சாட்சி எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு, வாசல் வரை வந்தபிறகு “சார், இன்னொண்ணு…” என்று திரும்புவார். பெரும்பாலும் அதுதான் முக்கியமானதாக இருக்கும். வீடியோவில் ‘லீவ்’ பொத்தானை அழுத்தியதும் அந்த வாசல் மறைந்துவிடும். அதனால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டோம் என்று சாட்சியிடம் சொல்லிவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் லைனில் இருங்கள். அடுத்து என்ன நடக்கும், எப்போது கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும், யாராவது மிரட்டினால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று நிதானமாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் “இன்னொண்ணு” என்று தொடங்கினால், “ஒரு நிமிஷம் இருங்க” என்று நிறுத்தி, நேரத்தைச் சொல்லி, புதுக் கோப்பாக மறுபடி பதிவை ஓடவிட்டு, அவரையே முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.